புதுச்சேரியைக் கடலில் இருந்து பார்த்தவர்கள்

சேத்தியாத்தோப்பு குறுக்குரோட்டில் நின்று கை காட்டினால் வடலூர் பஸ் வரும். வடலூரிலிருந்து கடலூர், கடலூரில் மாறினால் புதுச்சேரி. டீ குடிக்கிற நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் ஆகும். இறங்கியதும் கடற்கரைக்கு நடந்து போகலாம், காந்தி சிலைக்கு எதிரே நின்று போட்டோ எடுக்கலாம், மணக்குள விநாயகர் கோவிலுக்குப் போகலாம், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வந்து வீட்டிலேயே சாப்பிடலாம்.

2022 ஜூன் 10 அன்று அதே புதுச்சேரிக்கு ஒரு கூட்டம் கப்பலில் வந்தது. பதினோரு அடுக்கு, எண்ணூறு அறை அளவுக்குப் பெரிய சொகுசுக் கப்பல். நீச்சல் குளம், தியேட்டர், கேசினோ எல்லாம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் அதற்கு ஆறு நாள் முன்னால்தான், ஜூன் 4 அன்று, முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அந்தக் கப்பல் சுற்றுலாவைத் தொடங்கி வைத்திருந்தார். சென்னையில் ஏறி, ஜூன் 8 விசாகப்பட்டினம் பார்த்துவிட்டு, புதுச்சேரியில் இறங்கி ஊர் சுற்றிவிட்டுச் சென்னை திரும்புவதாகத் திட்டம். ஆனால் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. கப்பல் கரைக்குத் தள்ளி நின்றது, காத்திருந்தது, பிறகு கிளம்பிப் போய்விட்டது. பஸ்ஸில் நூறு ரூபாய்க்குள் முடிகிற ஊரை, பல்லாயிரம் ரூபாய் கட்டி வந்தவர்கள் கடலில் இருந்தபடி பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்த வாரம் பேப்பரிலும் டிவியிலும் நடந்த சண்டை முழுக்க வேறு ஒன்றைப் பற்றி. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது, கலாச்சாரம் கெட்டுவிடும் என்று கட்சிகள் எதிர்த்தன. அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை அனுமதி கொடுக்கவில்லை என்று சொன்னார். சுற்றுலா வளரும், வேலைவாய்ப்பு வரும் என்று இன்னொரு பக்கம் பேசினார்கள். இரண்டு பக்கமும் அவரவர் நியாயம் இருக்கலாம். ஆனால் டிக்கெட் வாங்கிய குடும்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. புதுச்சேரி என்று போட்ட பயணத்துக்குக் காசு வாங்கிவிட்டுப் புதுச்சேரியில் இறக்கிவிடாமல் போனால் அதற்குக் கணக்கு என்ன என்று ஒரு சட்டசபை உறுப்பினர் கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோரும் 'பாவம், அவங்க நேரம்' என்று விட்டுவிட்டார்கள்.

நேரம் இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்த விஷயம். அந்த ஏமாற்றம் தற்செயலாக வந்ததே கிடையாது. அது டிக்கெட்டிலேயே இருக்கிறது.

அந்தக் கப்பலின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரான்சில் செயின்ட் நசேர் என்ற ஊரில் கட்டி, 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் ஓட ஆரம்பித்தது. ஓடிய இடம் கரீபியன். மயாமியில் ஏற்றி, பஹாமாஸ் தீவுகளைக் காட்டிவிட்டு மூன்று நாள் நான்கு நாளில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற வேலை. பிறகு 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்' என்று பெயர் மாறியது, ஸ்பெயின் கம்பெனி ஒன்றிடம் சில வருடம் இருந்தது, 2016-ல் மறுபடி பழைய முதலாளியான ராயல் கரீபியனிடமே வந்தது. கொரோனா வந்து உலகத்துக் கப்பல் எல்லாம் கட்டிப் போடப்பட்ட 2020-ல் விலைக்கு வந்தபோது இந்தியாவுக்கு வந்து 'எம்ப்ரஸ்' ஆகியது. கார்டீலியா குரூசஸ் என்ற பெயரில் 2021 முதல் ஓடுகிறது. நம்ம ஊரில் மெட்ராஸ் ரூட்டில் ஓடித் தேய்ந்த பஸ்ஸை டவுன் பஸ்ஸாக விடுவார்களே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லவில்லை, பஸ் நன்றாக ஓடினால் சரி.

இதே கப்பலுக்கு இதே மாதிரி ஒரு கதை கரீபியனிலும் உண்டு. அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் பல வருடப் பகை கொஞ்சம் தளர்ந்த சமயம், 2017 ஏப்ரலில், ராயல் கரீபியன் கம்பெனி ஹவானாவுக்கு அனுப்பிய முதல் கப்பல் இதுதான். அமெரிக்கர்களுக்கு ஹவானா என்றால் ஐம்பது வருடமாகப் பூட்டிக் கிடந்த பக்கத்து வீடு. அதைப் பார்க்கவே டிக்கெட் போட்டார்கள். 2019 ஜூனில் ட்ரம்ப் அரசு கியூபாவுக்குக் கப்பல் சுற்றுலா போகக் கூடாது என்று உத்தரவு போட்டது. அறிவிப்பு வந்த மறுநாளே அமல். பெட்டி கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தவர்கள் ஹவானாவுக்குப் பதிலாக வேறு ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூன்று வருடம் கழித்து, பூமிக்கு இந்தப் பக்கம், அதே கப்பலில் வேறு பயணிகளுக்கு அதே கதை. உத்தரவு போட்ட அரசு வேறு, காரணம் வேறு, கடல் வேறு. கப்பல் கம்பெனி டிக்கெட்டில் எழுதி வைத்திருக்கும் வரி மட்டும் ஏறக்குறைய ஒன்று.

அந்த வரி என்ன? உலகம் முழுக்கப் பெரிய கப்பல் கம்பெனிகளின் பயண ஒப்பந்தத்தில் இருப்பது இதுதான்: எந்தத் துறைமுகத்தையும் எப்போது வேண்டுமானாலும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடவோ மாற்றவோ கம்பெனிக்கு உரிமை உண்டு. அதற்கு நஷ்ட ஈடு கிடையாது. அந்தத் துறைமுகத்துக்காக வசூலித்த வரியும் கட்டணமும் கட்டாமல் மிஞ்சினால் அது மட்டும் திரும்ப வரும்.

புயல் வந்தால் கேப்டன் கப்பலைத் திருப்பத்தான் வேண்டும். அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. ஐந்நூறு குடும்பத்தின் உயிர் அவர் கையில். ஆனால் அனுமதி கைக்கு வராமலே ஒரு ஊரின் பெயரை அச்சடித்து விற்பதற்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்? புயலுக்காக எழுதிய விதிவிலக்கின் நிழலில் மற்ற எல்லாமும் வந்து உட்கார்ந்து கொள்கிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். சரக்கை அனுப்பாமலே இன்வாய்ஸ் போட்டுவிட்டு, சரக்கு வராவிட்டால் லாரி வாடகை மட்டும் திருப்பித் தருகிறேன் என்றால் எந்த வியாபாரி ஒத்துக்கொள்வார்? பண்ருட்டிப் பலாப்பழ மண்டியில் போய்ச் சொல்லிப் பாருங்கள் :-)

மெர்க்கன்டைல் லா பேப்பரில் நம் சிலபஸ்ஸில் இல்லாத ஒரு வழக்கு இருக்கிறது. 'கார்னிவல் குரூஸ் லைன்ஸ் எதிர் ஷூட்', 1991, அமெரிக்க உச்ச நீதிமன்றம். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த தம்பதி கப்பல் சுற்றுலா போனார்கள். கப்பலில் அந்தம்மா வழுக்கி விழுந்து அடிபட்டார். ஊருக்கு வந்து கேஸ் போட்டார்கள். கம்பெனி டிக்கெட்டை எடுத்துக் காட்டியது. எந்த வழக்கானாலும் புளோரிடா மாநில நீதிமன்றத்தில்தான் போட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. புளோரிடா நாட்டின் மறுமூலை. அந்த டிக்கெட் காகிதம் பணம் கட்டிய பிறகுதான் அவர்கள் கைக்கே வந்தது. இருந்தாலும் கம்பெனி பக்கம்தான் தீர்ப்பு. கம்பெனிக்கு வழக்குச் செலவு குறைந்தால் டிக்கெட் விலை குறையும், அது பயணிகளுக்கு நல்லதுதானே என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. விழுந்தவருக்கு அந்தச் சலுகை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று தெரியாது.

சரி, டிக்கெட் விலை ஏன் அவ்வளவு குறைவாகத் தெரிகிறது? ஒரு நாள் தங்கல், மூன்று வேளைச் சாப்பாடு, பொழுதுபோக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நல்ல ஹோட்டல் வாடகையை விடச் சில சமயம் மலிவு. அதில் தந்திரம் எதுவும் இல்லை, வெறும் காஸ்ட் அக்கவுண்டிங். கப்பல் கிளம்பிவிட்டால் எரிபொருள், சம்பளம், கடன் வட்டி எல்லாம் நிலையான செலவு. காலி அறை கிடந்தால் அது அப்படியே நட்டம். ஆகவே எந்த விலைக்காவது அறையை நிரப்பு, ஏறிய பிறகு சம்பாதி. அமெரிக்காவின் பெரிய கப்பல் கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், மொத்த வருமானத்தில் 30 சதவீதத்தை ஒட்டி டிக்கெட்டில் இருந்து வராதது என்று தெரியும். மது, கேசினோ, கரையில் சுற்றிக்காட்டும் பேக்கேஜ், போட்டோ, இன்டர்நெட், ஸ்பா. புதுச்சேரியில் எதிர்த்தவர்கள் கேசினோவைக் கலாச்சாரப் பிரச்சினையாகப் பார்த்தார்கள். அதைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருந்தால் வேறு ஒன்று தெரிந்திருக்கும். ஊரில் இறங்கிச் செலவழிக்கிற பயணியை விடக் கப்பலிலேயே கிடக்கிற பயணி கம்பெனிக்கு லாபம். கரை இருக்கிற வரை கேசினோ பூட்டியிருக்கும், கரை மறைந்தால்தான் திறக்கும்.

இப்போது ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அக்கவுண்டன்சி புத்தகத்தில் 'ராமு, சோமு என்ற இரு கூட்டாளிகள்' என்று வருவார்களே, அந்த மாதிரி. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம். அப்பா எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். அம்மா வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்கிறவர். மகன் இஞ்சினியரிங் முடித்து அமெரிக்காவில் வேலை. மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை, அந்தக் குற்ற உணர்ச்சி அவனுக்கு. அப்பா அம்மாவை விசா எடுத்து வரவழைத்து, மயாமியிலிருந்து ஏழு நாள் கரீபியன் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிறான். ஊரில் இது பெரிய பேச்சு. "என்னா அண்ணி, கப்பல்ல போறிங்களாமே" என்று நாத்தனார் போன் செய்து கேட்கிறார்.

கப்பல் என்றதும் அந்த அப்பாவுக்கு ஞாபகம் வருவது 'ரஜூலா'. அவருடைய பெரியப்பா நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கு போன கப்பல். 1926-ல் கட்டியது, ஐயாயிரத்துக்கும் மேல் டெக் பயணிகளை ஏற்ற ஒரு காலத்தில் அதற்கு அனுமதி இருந்தது. பாயை விரித்த இடம்தான் சீட்டு. அதன் பிறகு வந்தது 'எம்.வி. சிதம்பரம்', நம்ம ஊர்ப் பெயரிலேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பிடித்துப் பல உயிர் போனது, அதோடு அந்தக் கப்பல் சேவையே முடிந்தது. வாந்தியும் புழுக்கமும் பாய்ச்சண்டையும் நிறைந்த பயணங்கள் அவை. அந்தக் காலமே பொற்காலம் என்று யாராவது சொன்னால் அவரை அந்த டெக்கில் ஒரு வாரம் படுக்க வைக்க வேண்டும். ஆனால் பினாங்கு என்று எழுதிய சீட்டை வாங்கினால் பினாங்கில் இறக்கிவிடுவதுதான் அந்தக் கப்பலின் வேலை. சொகுசுக் கப்பலின் வேலை அது இல்லை என்பது இந்த அப்பாவுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

முதல் நாள் எல்லாமே ஆச்சரியம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சாப்பாடு கிடைக்கிறது. இரண்டாம் நாள் அம்மா சாப்பாட்டு மேஜையில் எது சைவம் என்று மகனிடம் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்க வெட்கப்பட்டு, சோறும் தயிரும் பழமும் என்று முடித்துக்கொள்கிறார். மூன்றாம் நாள் ஒரு தீவு. காற்று பலமாக இருக்கிறது, படகு விட முடியாது, அந்த ஊர் ரத்து என்று மைக்கில் சொல்கிறார்கள். அதற்குப் பதில் கப்பலிலேயே பிங்கோ ஆட்டம். நான்காம் நாள் அப்பாவுக்குக் கால் வீங்குகிறது. இன்டர்நெட்டுக்குத் தனிக்காசு என்பதால் ஊருக்கு வீடியோ கால் கிடையாது. மாடு கன்று போட்டதா என்று தெரியாமல் அம்மா நான்கு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'எல்லாம் சேர்த்து' என்று சொன்ன விலைக்கு வெளியே சர்வீஸ் டிப்ஸ் என்று தலைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது டாலர் ஏறிக்கொண்டே இருக்கிறது. மகன் கார்டைத் தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் அப்பா மனதுக்குள் ரூபாயில் பெருக்குகிறார். ஒரு கோக் குடிக்கிறீங்களாப்பா என்றால், வேணாம்ப்பா தண்ணியே போதும் என்கிறார்.

ஏழாம் நாள் இறங்கியதும் மகன் கேட்கிறான். "எப்படிம்மா இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சுப்பா." வேறு என்ன சொல்வார்? பிள்ளை இவ்வளவு செலவழித்திருக்கிறான். மகனுக்கும் அது முழு உண்மை இல்லை என்று தெரியும், அவனும் கேட்காமல் விட்டுவிடுகிறான். ஊருக்கு வந்த பிறகு நாத்தனாரிடமும் நல்லா இருந்துச்சு. கம்பெனியின் கருத்துக் கணிப்புப் படிவத்திலும் ஐந்துக்கு ஐந்து, மகன்தான் டிக் அடித்தான். ஒரு பொருள் சரியில்லை என்று வாங்கியவன் சொன்னால்தான் சந்தை திருந்தும் என்று எகனாமிக்ஸில் படிக்கிறோம். பாசத்துக்காக வாங்கிய பொருளில் அந்த விதி வேலை செய்வதில்லை. குறை சொன்னால் அது கம்பெனிக்குப் போய்ச் சேராது, பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

அது போகட்டும், இறங்கிய ஊர்களாவது ஊராக இருந்ததா? கரீபியனில் கப்பல் கம்பெனிகளே சொந்தமாகவோ குத்தகைக்கோ தீவும் கடற்கரையும் வைத்திருக்கின்றன. ஹைத்தி நாட்டில் லபாடி என்று ஒரு இடம். 1986 முதல் ராயல் கரீபியன் அதைக் குத்தகைக்கு வைத்துத் தன் பயணிகளை இறக்கியது. சுற்றிலும் வேலி. உள்ளே நாற்காலி, குடை, கடல் விளையாட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்டின் பெயரைக் கூடச் சொல்லாமல் 'ஹிஸ்பானியோலா' என்ற தீவின் பெயரைச் சொல்லித்தான் ரொம்ப நாள் விளம்பரம் செய்தார்கள். 2010 ஜனவரி 12-ல் ஹைத்தியில் பூகம்பம் வந்து தலைநகரமே இடிந்து விழுந்தது. சில நாளிலேயே லபாடியில் கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருளும் அதில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த மணலில் படுத்து எப்படி வெயில் காய்வது என்று கப்பலில் இருந்தவர்களே சிலர் இறங்க மறுத்தார்கள்.

நம்ம குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அது அவர்களுக்கே தெரியாது. கப்பல் குவாதலூப் தீவில் நிற்கிறது என்று வையுங்கள். பிரெஞ்சுத் தீவு. காலையில் வந்து சாயங்காலம் கிளம்பிவிடும். கப்பலில் விற்கிற பேக்கேஜில் ஒரு கடற்கரை, ஒரு நீர்வீழ்ச்சி, ஒரு ரம் ஆலை. பஸ் ஜன்னலில் அப்பா வெளியே பார்க்கிறார். இரண்டு பக்கமும் கரும்பு! ஏழு நாளில் முதல் தடவையாக அவருக்குத் தெரிந்த ஒன்று. இது என்ன ரகம், எத்தனை மாசம், கட்டைக்கரும்பு விடுவார்களா என்று கேட்க ஆசை. கைடுக்கு பிரெஞ்சும் ஆங்கிலமும்தான் தெரியும், பஸ்ஸும் நிற்காது.

அந்தக் கரும்பு வெட்டத்தான் இந்தப் பக்கத்து ஜனங்களைக் கொண்டு போனார்கள். 1848-ல் பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை ஒழித்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 'ஒரேலி' என்ற கப்பல் புதுச்சேரியிலிருந்து கிளம்பி 1853 மே மாதம் மர்த்தினீக் தீவுக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டு சேர்த்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தொடர்ந்து ஏற்றினார்கள். சில வருடங்களில் கல்கத்தாவிலும் ஏற்றினார்கள். 1880களின் கடைசி வரை குவாதலூப்புக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்புவோம் என்று அதில் எழுதியிருந்தது. பெரும்பாலோர் திரும்பி வரவே இல்லை. அதையும் சுற்றுலாவையும் ஒரே தராசில் வைப்பது பாவம். ஆனால் 2022-ல் ஒரு கப்பலை உள்ளே விடாத அந்தக் கரைக்குக் கரீபியனோடு இருக்கிற பழைய கணக்கு இது.

குவாதலூப்பில் கபெஸ்தேர் என்ற ஊர். அங்கே 1863-ல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். கூலியாகப் போனவர்களின் பிள்ளை. பிரெஞ்சு எழுத்தில் அந்தப் பெயர் கொஞ்சம் நெளிந்து 'சிதாம்பரோம்' மாதிரி இருக்கும், ஆனால் நம்ம சிதம்பரமேதான். அங்கேயே பிறந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை இல்லை என்றதை எதிர்த்து 1904-ல் வழக்கில் இறங்கினார். 1923-ல் பிரெஞ்சு அரசு அவர்களைக் குடிமக்களாக ஒப்புக்கொள்ளும் வரை விடவில்லை. அந்த ஊர்ப் பக்கத்தில் ஷாங்கி என்ற இடத்தில் கோவில் இருக்கிறது. மாரியம்மன் அங்கே மாலியேமன். தீவு முழுக்க எந்த ஹோட்டலிலும் 'கொலம்போ' என்று ஒரு பதார்த்தம் கிடைக்கும், கொத்தமல்லியும் மஞ்சளும் சீரகமும் அரைத்துப் போட்டுக் கறியோடு கொதிக்க வைப்பது. அது 'குழம்பு' என்ற சொல்தான் என்று சொல்பவர்கள் உண்டு. தயிர் சோறும் பழமுமாக ஒரு வாரத்தை ஓட்டிய அந்த அம்மா, குழம்பு என்ற பெயரில் ஒரு காய்கறிப் பதார்த்தமாவது கிடைத்திருக்கக்கூடிய ஊருக்கு முக்கால் மணி நேர தூரத்தில் இறங்கி, நீர்வீழ்ச்சி முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகிறவர், இன்னொரு சிதம்பரத்தின் பக்கத்தில் போய்த் தெரியாமலே வந்துவிட்டார்.

கப்பல் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்ல இது எழுதப்படவில்லை. முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு, தினம் ஒரு ஹோட்டலில் பெட்டியைத் தூக்காமல் ஒரே அறையில் இருந்துகொண்டு நான்கு ஊர் பார்ப்பது வசதிதான். ஊரே வேண்டாம், கடலைப் பார்த்தால் போதும், சும்மா கிடந்தால் போதும் என்று போகிறவர்களுக்கு அது ஏமாற்றமும் இல்லை. அவர்கள் வாங்குவது எதுவோ அதையே கப்பலும் விற்கிறது. 2023-ல் தொடங்கி, சில மாத இடைவெளிக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை படகும் அப்படித்தான். அதில் நீச்சல் குளம் கிடையாது, சில மணி நேரத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கம் இறக்கிவிடும், புயல் என்றால் ஓடாது என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். தகராறு வருவது, ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு விற்றுவிட்டு, ஊர் எங்கள் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் போடுகிற இடத்தில்.

அதைத் திருத்துவதற்குப் புதிய சட்டம் கூட வேண்டியதில்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. முன்பெல்லாம் கம்பெனி இருக்கிற ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். இப்போது வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். சென்னையில் ஏறிய கப்பலுக்கு, மும்பையில் இருக்கும் கம்பெனி மேல், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. அதே சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று தனியாக ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு தரப்புக்கு மட்டும் எல்லா உரிமையையும் கொடுத்து, வாங்குகிறவரின் உரிமையைப் பெரிய அளவில் மாற்றிவிடுகிற ஒப்பந்தம் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அந்த விஷயத்தை மட்டும் மாவட்டத்தில் கேட்க முடியாது, சென்னையில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 'எந்தத் துறைமுகத்தையும் எந்தக் காரணத்துக்காகவும்' என்ற வரி அந்த விளக்கத்துக்குள் வருமா வராதா என்பதை ஒரு தடவையாவது யாராவது அங்கே கொண்டுபோய்க் கேட்க வேண்டும். மயாமி கப்பலுக்கு இது உதவாது, அங்கே ஷூட் தம்பதிக்கு நடந்ததுதான் நடக்கும். சென்னைக் கப்பலுக்கு உதவலாம்.

பிறகு 2025 ஜூலையில் அதே எம்ப்ரஸ் புதுச்சேரிக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை அனுமதி இருந்தது. அவ்வளவு பெரிய கப்பல் வந்து அணைகிற துறைமுகம் புதுச்சேரியில் இல்லாததால் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களும் கடற்கரை பார்த்தார்கள், கோவில் பார்த்தார்கள், சில மணி நேரத்தில் படகேறிவிட்டார்கள். அதே நேரத்தில் கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் காந்தி சிலைக்கு எதிரே சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு, கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தார்கள்.